18+ மாட் பேக்குக்குக் காசு கட்டி, கணக்கையும் பறிகொடுத்தேன்

எனக்கு 36 வயது. ஸ்கைரிம் ஆடுகிறேன், அதில் 18+ மாட்களும் போடுகிறேன். இதைப் பொதுவில் எழுத இரண்டு மாதம் கூச்சப்பட்டேன். அந்தக் கூச்சத்துக்கு மட்டும் தனியாக 6,200 ரூபாய் செலவானது. அது எப்படி என்று கீழே வருகிறது.

மாட் பக்கம் போகாதவர்களுக்கு இரண்டு வரி. ஸ்கைரிம் 2011 நவம்பரில் வந்த கேம். இன்றும் ஆட்கள் ஆடுவதற்கு முக்கியக் காரணம், வெளியாட்கள் செய்து தரும் மாட்கள்தான், அதாவது கேமை மாற்றிக்கொள்ளப் போடும் கூடுதல் ஃபைல்கள். இதில் 18+ சமாச்சாரம் புதிதல்ல. இதே வரிசையில் இதற்கு முந்தைய கேமான ஆப்லிவியனுக்கே 2006-ல் அமெரிக்கத் தரச்சான்று அமைப்பு வயது வரம்பை உயர்த்தியது. அதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று, கேம் ஃபைலுக்குள் பூட்டி வைத்திருந்த மேலாடையில்லாத உருவத்தை ஒரு மாட் வெளியே கொண்டுவந்துவிட்டது என்பது. இன்றைக்கும் 18+ மாட் என்றால் பெரும்பாலும் உடல் வடிவத்தை மாற்றுவது, அந்த உடலுக்குப் பொருந்தும்படி உடைகளைத் திருத்துவது, அசைவுகளைச் சேர்ப்பது, இவ்வளவுதான். ராத்திரி முழிச்சு உட்கார்ந்து செய்கிற ஆட்கள். முக்கால்வாசிப் பேர் இலவசமாகவே தருகிறார்கள். அவர்களைப் பற்றி எனக்கு ஒரு புகாரும் இல்லை.

நான் ஏமாந்தது ஒரு ஸ்கிரீன்ஷாட்டில். வைட்ரன் ஊருக்கு வெளியே இருக்கும் குதிரை லாயம், சாயங்கால வெளிச்சம், சிவப்பு மேலங்கி போட்ட ஒரு பெண். பின்னால் ஒரு காவலாளியின் தலை பாதி, மரத்தூணுக்குள் புதைந்திருக்கிறது. அதைப் பார்த்துச் சிரித்தேன்கூட. துணி மடிப்பு அவ்வளவு அழகு. "முழு பேக், 140 உடைகள், மாதம் 10 டாலர்" என்று போட்டிருந்தார்கள். போன செப்டம்பரில் கட்டினேன். (பக்கத்தின் பெயரை எழுதவில்லை. எழுதியும் பிரயோஜனமில்லை, மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள்.)

மாட்டுக்குக் காசு வாங்கலாமா என்ற சண்டை பழையது. 2015 ஏப்ரலில் ஸ்டீம் என்ற ஆன்லைன் கேம் கடையிலேயே ஸ்கைரிம் மாட்களை விற்கத் தொடங்கினார்கள். செய்தவருக்குக் கால் பங்கு, மீதி முக்கால் பங்கு ஸ்டீமை நடத்தும் வால்வுக்கும் ஸ்கைரிமை வெளியிட்ட பெதெஸ்டாவுக்கும். அடுத்தவர் உழைப்பை எடுத்துத் தன் மாட்டில் வைத்து விற்கிறார்கள் என்ற புகார் முதல் நாளே கிளம்பியது. நாலே நாளில் கடையை மூடிவிட்டார்கள். அதற்கப்புறம் 'நன்கொடை', 'முன்கூட்டியே கிடைக்கும்' என்ற பெயரில் மாதச் சந்தா பிழைத்துக்கொண்டிருக்கிறது. அப்படி நேர்மையாக நடத்துகிறவர்களும் உண்டு: சந்தா கட்டினால் இரண்டு மாதம் முன்னால் தருவார்கள், பிறகு எல்லோருக்கும் இலவசம். நான் கட்டிய இடமும் அந்த ரகம் என்றுதான் நினைத்தேன்.

மூன்று மாதம் ஓடியது. பேக் வேலையும் செய்தது, அதனால் சந்தேகமே வரவில்லை.

நவம்பர் கடைசியில், டிஸ்கார்ட் அரட்டைச் செயலியில் இருந்த அவர்களுடைய குழுவில் ஒரு அறிவிப்பு. "புதிய சட்டங்களால் இனி வயதுச் சரிபார்ப்பு கட்டாயம். புதிய பதிப்பை இறக்கி, கூடவே உள்ள சரிபார்ப்புக் கருவியை ஒருமுறை ஓட்டினால் போதும்." இங்கேதான் அவர்களின் கெட்டிக்காரத்தனம். 2025 ஜூலையில் பிரிட்டனில் வயதுச் சரிபார்ப்புச் சட்டம் நிஜமாகவே நடைமுறைக்கு வந்தது. அதே மாதம் கார்டு நிறுவனங்களின் நெருக்கடியால் ஸ்டீம் சில 18+ கேம்களை நீக்கியது, இட்ச் என்ற கேம் விற்பனைத் தளம் 18+ சரக்கு மொத்தத்தையும் தேடலில் வராமல் மறைத்தது. இது எல்லாம் செய்தியில் படித்திருந்தேன். பல மாட் ஆசிரியர்கள் பொது இடங்களை விட்டுச் சின்னச் சின்னக் குழுக்களுக்குப் போய்விட்டார்கள். லிங்க்கைக் கையில் கொடுப்பதுபோல் தனிச்செய்தியில் தருவது சகஜமாகிவிட்டது. குட்டை கலங்கியிருந்தது, இவர்கள் மீன் பிடித்தார்கள்.

கருவி ஒரு எக்ஸ்இ ஃபைல், அதாவது திறந்தாலே ஓடும் நிரல். பாஸ்வேர்டு போட்ட ஜிப்பில் இருந்தது. விரித்தால் 700 எம்பிக்கு மேல். வயதைக் கேட்கிற சின்ன நிரலுக்கு எதற்கு இத்தனை எடை என்று அப்போது தோன்றவில்லை. இப்போது தெரியும்: பாஸ்வேர்டு இருந்தால் டவுன்லோடு ஆகும்போது ஆன்டிவைரஸால் உள்ளே பார்க்க முடியாது. 650 எம்பி தாண்டினால் வைரஸ் சோதனைத் தளமான வைரஸ்டோட்டலில் ஏற்றிப் பார்க்கவும் முடியாது. உள்ளே முழுக்கப் பூஜ்யத்தை ரொப்பி ஊதி வைத்திருக்கிறார்கள். "ஆன்டிவைரஸ் தவறாகக் கத்தும், கொஞ்ச நேரம் அணைத்து வையுங்கள்" என்றும் எழுதியிருந்தது. அணைத்தேன். வெள்ளிக்கிழமை ராத்திரி பதினோரு மணி. ஓட்டினேன். கறுப்பு ஜன்னல் ஒன்று வந்து மறைந்தது, வேறொன்றும் நடக்கவில்லை. படுத்துவிட்டேன்.

சனிக்கிழமை காலை, ஆபீஸில் என்னைவிட இளையவர் ஒருவர் போன் செய்தார். "அண்ணா, உங்க ஐடிலேருந்து ஒரு லிங்க் வந்திருக்கு. நீங்கதான் அனுப்பினீங்களா?"

"இல்லப்பா, ஹேக் ஆயிருக்கும். தொடாதே" என்றேன். எப்படி ஹேக் ஆனது என்று சொல்ல வாய் வரவில்லை.

டிஸ்கார்ட் கணக்கிலிருந்து என் பட்டியலில் இருந்த எல்லோருக்கும் அதே ஜிப் போயிருந்தது. ஸ்டீம் கணக்கின் மின்னஞ்சல் மாறியிருந்தது. இரண்டடுக்குப் பாதுகாப்பு வைத்திருந்தேனே என்று கேட்பீர்கள். வைத்திருந்தேன். ஆனால் இந்த ரக வைரஸ் பாஸ்வேர்டைக் கேட்பதே இல்லை. நாம் ஏற்கெனவே உள்ளே நுழைந்ததற்கு அடையாளமாகப் பிரவுசர் சேமித்து வைத்திருக்கும் குக்கீயைப் பிரதி எடுத்துக்கொண்டு போய்விடும். வீட்டுக்குள் இருப்பவனாகவே அவன் உள்ளே உட்கார்ந்துவிட்டால் வாசல் பூட்டு என்ன செய்யும்? மத்தியானம் கார்டில் 6,200 ரூபாய் போன எஸ்எம்எஸ் வந்தது. வெளிநாட்டுக் கடை, அதனால் ஓடிபியும் கேட்கவில்லை.

சாயங்காலம் ஒரு மெயில். என் நண்பர்கள் பட்டியல் அவர்களிடம் இருக்கிறதாம். நான் என்னென்ன வாங்கினேன், எந்த ஃபோல்டரில் என்ன வைத்திருக்கிறேன் என்று படத்தோடு அனுப்பாமலிருக்க 200 டாலர் தர வேண்டுமாம்.

ஆறு நாள் யாரிடமும் சொல்லவில்லை. வங்கிக்குப் போன் செய்தால் "என்ன ஃபைல் சார் அது?" என்று கேட்பார்களே என்ற பயம். வீட்டில் சொன்னால் அதைவிடப் பயம். இவர்களுடைய மூலதனமே இதுதான். சாதாரண வாள், கேடயம் மாட்டில் இதைச் செய்தால் ஆயிரம் பேர் கத்தியிருப்பார்கள், இரண்டே நாளில் சந்தி சிரித்திருக்கும். 18+ என்றால் அடிபட்டவன் வாயை மூடிக்கொள்வான் என்று கணக்குப் போட்டுத்தான் வலை விரிக்கிறார்கள்.

கடைசியில் அந்த ஆபீஸ் தம்பியே கேன்டீனில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "அண்ணா, அந்த ஜிப்போட பேரை நானும் பாத்தேன். நானும் ஸ்கைரிம் ஆடறவன்தான். மொதல்ல பேங்க்குக்குப் போன் போடுங்க." எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

வங்கியில் பேசிய பெண் எந்தக் கேலியும் செய்யவில்லை. "நீங்களா ஏதாவது ஃபைல் ஓட்டினீங்களா சார்?" என்று மட்டும் கேட்டார், எழுதிக்கொண்டார், கார்டை முடக்கினார். ஆனால் தாமதமாகிவிட்டது. 2017-ல் ரிசர்வ் வங்கி போட்ட சுற்றறிக்கைப்படி, நம் தவறோ வங்கியின் தவறோ இல்லாத திருட்டை மூன்று வேலை நாளுக்குள் சொன்னால் நம் தலையில் ஒன்றும் விழாது. அதற்கு மேல் போனால் ஒரு வரம்பு வரை நம் செலவு, என் தொகை அந்த வரம்புக்குள் அடங்கிவிட்டது. நானே கையால் ஓட்டிய ஃபைல் என்பதால் முதல் நாளே சொல்லியிருந்தாலும் வாதாட வேண்டியிருந்திருக்கும். வாதாடக்கூட இடமில்லாமல் செய்துகொண்டது நான்தான். நீங்கள் மாட்டினால் உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அடியுங்கள். கேம், மாட் என்றெல்லாம் விளக்கக்கூடத் தேவையில்லை, பணம் போனது என்றால் போதும்.

200 டாலரைத் தரவில்லை. இன்றுவரை யாருக்கும் எந்தப் படமும் போகவில்லை.

விண்டோஸை அழித்துப் புதிதாகப் போட்டேன். மனைவியின் லேப்டாப்பிலிருந்து எல்லாக் கணக்கிலும் 'எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறு' என்பதை அழுத்தி, பிறகு பாஸ்வேர்டை மாற்றினேன். அதே கம்ப்யூட்டரில் மாற்றினால் புதியதும் அவனுக்கே போகும். ஸ்டீம் கணக்கு பழைய ரசீதுகளைக் காட்டியதில் ஒன்பது நாளில் திரும்பியது. டிஸ்கார்ட் போனது போனதுதான்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, வெளியே எடுத்து வைத்திருந்த அந்த உடைகளின் மெஷ் ஃபைல்களை, அதாவது வடிவம் இருக்கும் ஃபைல்களை, திறந்து பார்த்தேன். டெக்ஸ்சர் (மேலே ஒட்டும் நிறப்படம்) இருக்கும் பாதையில் வேறொருவரின் ஃபோல்டர் பெயர் அப்படியே கிடக்கிறது, அழிக்கக்கூட மெனக்கெடவில்லை. தேடினால் அதே உடை, மாட்களுக்கான பெரிய தளமான நெக்ஸஸில் இலவசமாக இருக்கிறது. பாதிக்கு மேல் இப்படித்தான். சில உடைகள் வேறு கேமிலிருந்து உருவியவை, நெக்ஸஸில் அனுமதி இல்லாத சரக்கு. 30 டாலர், அதாவது 2,600 ரூபாய்க்கு மேல் கட்டி, ஓசியில் கிடைப்பதை வாங்கியிருக்கிறேன்.

எக்ஸ்இ என்றாலே விஷம் என்று சொல்லவரவில்லை. உடல் வடிவத்தைத் திருத்தும் பாடிஸ்லைடும் எக்ஸ்இதான், பல மாட்களுக்குத் தேவைப்படும் ஸ்கைரிம் ஸ்கிரிப்ட் எக்ஸ்டெண்டரைக் கிளப்புவதும் எக்ஸ்இதான். அவை எத்தனையோ வருடமாக எல்லோரும் அறிந்த கருவிகள், அவற்றின் சொந்தப் பக்கத்திலிருந்து மட்டும் எடுங்கள். ஒரு உடைக்கு, ஒரு உடலுக்கு, ஒரு தோலுக்கு எக்ஸ்இ எதற்கு? மெஷ், டெக்ஸ்சர், அவற்றைக் கேமோடு இணைக்கும் ஒரு இஎஸ்பி ஃபைல், முடிந்தது. வயதைச் சரிபார்க்கிறேன் என்று உங்கள் கம்ப்யூட்டரில் நிரல் ஓட்டச் சொல்பவன் வயதைப் பார்க்க வரவில்லை. பெரிய இடமாக இருந்தாலும் கண்ணை மூடாதீர்கள்: 2023 கிறிஸ்துமஸ் அன்று ஸ்லே த ஸ்பயர் என்ற கேமுக்கான ஒரு பிரபல மாட்டின் தனிப்பதிப்பை, ஆசிரியரின் கணக்கையே பிடித்து, ஸ்டீம் வழியாகவே வைரஸோடு அனுப்பினார்கள். அந்த ஆசிரியர் ஒரு தப்பும் செய்யாதவர்.

சந்தா வாங்கும் அந்தப் பக்கத்தைப் புகார் செய்தேன். எட்டு நாளில் எடுத்துவிட்டார்கள். போன வாரம் தேடினேன். வேறு பெயர், வேறு சின்னம், மாதம் 8 டாலர். அதே குதிரை லாயம், அதே சிவப்பு மேலங்கி. பின்னால் காவலாளியின் தலை இன்னும் தூணுக்குள் பாதி புதைந்தே இருக்கிறது. அந்தப் படத்தைப் பார்த்தால் கட்டாதீர்கள்.