ஐரிஸுக்கு மூடாக்கு: வைக்கோலா, சருகா, பைன் கிளையா, சும்மா விடுவதா?

குடியாத்தத்தில் சித்திரை வெயிலுக்குக் கத்திரிப் பாத்தியில் வைக்கோல் பரப்புவது வழக்கம். டொராண்டோவில் ஐரிஸ் என்ற கிழங்குப் பூச்செடி வளர்க்கும் என் தங்கைக்கும் அம்மா போனில் அதையேதான் சொன்னார்: "குளிர்ல கிழங்கு செத்துடப் போவுதுடி. மண்ணு ஈரமா இருக்கும்போதே வைக்கப்புல்ல தடிமனா போட்டு மூடிடு."

தங்கையிடம் இருப்பது தாடி ஐரிஸ், கீழிதழ்களில் தாடி மாதிரி மயிர் உள்ள ரகம். அதைக் குளிர் அவ்வளவு எளிதில் கொல்லாது. மைனஸ் 30 டிகிரியையும் தாங்கும். கெடுப்பது நடுவில் வரும் இளக்கம்தான். பகலில் மண் இளகி, ராத்திரி மறுபடி உறைகிறது. உறையும் ஈரம் பருத்து கிழங்கை மேலே நெம்புகிறது. இப்படியே திரும்பத் திரும்ப நடந்தால், மார்ச்சில் பார்க்கும்போது வேர் அறுந்து கிழங்கு மண்ணுக்கு மேல் கிடக்கும். ஆக, அங்கே மூடாக்கின் வேலை சூடு கொடுப்பதல்ல. உறைந்த மண் உறைந்தபடியே இருக்கப் பார்த்துக்கொள்வது. அதனால் மண் இறுகிய பிறகுதான் போட வேண்டும். முன்னாலேயே போட்டால் எலிக்குத்தான் வீடு.

சருகை முதலில் தள்ளிவிடலாம். மேப்பிள் இலை காசில்லாமல் கிடைக்கும், உண்மைதான். ஆனால் நனைந்ததும் ஊறிய அப்பளம் மாதிரி ஒன்றோடொன்று ஒட்டிப் படிந்துவிடும். ஐரிஸ் கிழங்கு முதுகில் வெயில் பட வளர்வது. ஈரம் அடைந்து கிடந்தால் அழுகல் பிடிக்கும். விரலால் அமுக்கினால் கொழகொழவென்று உள்ளே போகும், நாற்றம் மூக்கைத் துளைக்கும்.

வைக்கோல் பரவாயில்லை. அங்கே கிடைப்பது பெரும்பாலும் கோதுமை வைக்கோல். உதறி லேசாகப் போட்டால் காற்றுப் புகும். ஆனால் பனி இளகும்போது அமுங்கிவிடும், வசந்தத்தில் உடனே வாராவிட்டால் சருகின் கதைதான். கூடவே மிச்சமிருக்கும் கோதுமை முளைத்து, களை பிடுங்கும் வேலையும் சேரும்.

என் ஓட்டு பைன் கிளைக்கு. அமுங்காது, தண்ணீர் தேங்காது, விழுகிற பனியைப் பிடித்து நிறுத்தும். அந்தப் பனியைவிட நல்ல போர்வை வேறு கிடையாது. கிறிஸ்துமஸ் முடிந்ததும் வீட்டு வாசல்களில் மரத்தைத் தூக்கிப் போடுவார்கள். கிளைகளை வெட்டிக் குறுக்கும் நெடுக்குமாகப் போட்டால் போதும், செலவே இல்லை.

இதெல்லாம் அந்த வருஷம் நட்ட செடிக்குத்தான். நன்றாக வேர் பிடித்த பழைய தூருக்கு ஒன்றும் போடாமல் விடுவதே மேல். இலையை மட்டும் ஒரு சாண் விட்டு வெட்டி, வெட்டியதை அப்புறப்படுத்த வேண்டும். கிழங்கைக் குடையும் புழுவின் முட்டை அந்தப் பழைய இலையில்தான் குளிர்காலத்தைக் கழிக்கும். சைபீரிய ஐரிஸ் வேறு ரகம். அது மூடாக்கோடு ஒத்துப்போகும்.

அம்மா இன்னும் வைக்கோல் கட்சிதான்.

மொட்டு வந்த பிறகு மே மாதத்தில் திடீரென்று உறைபனி விழுந்தால் இவை எதுவும் உதவாது. அன்று சாயங்காலம் குச்சி நட்டு, மொட்டில் படாமல் பழைய வேட்டியைப் போர்த்தி, காலையில் வெயில் ஏறியதும் எடுத்துவிட வேண்டும். பிளாஸ்டிக் தாள் வேண்டாம்; அது தொடுகிற இடமெல்லாம் மொட்டு கருகும்.