வீட்டிலேயே குழந்தைகள் காப்பகமா, தனி இடம் பிடிப்பதா?

ஐந்தாறு பிள்ளைகளோடு தொடங்குவதாக இருந்தால் வீடே போதும். அட்வான்ஸ் மிச்சம், சமையலறையும் கையெட்டும் தூரத்தில். சிக்கல் குளியலறையில்தான். தவழும் குழந்தை மூழ்க வாளியின் அடியில் கிடக்கும் கொஞ்சம் தண்ணீரே போதும். தலை கனம் என்பதால் குப்புற விழுந்தால் அதனால் எழ முடியாது. வாளியைக் கவிழ்த்து வையுங்கள், கதவுக்கு வெளிப்பக்கம் உயரத்தில் தாழ்ப்பாள் போடுங்கள். தூங்க தனி அறை ஒதுக்குங்கள். வீட்டுக்கு வரும் விருந்தாளி அதற்குள் போகவே கூடாது. மின் கட்டண வகை மாறுமா என்பதையும் முன்பே வாரியத்தில் கேட்டுவிடுங்கள்.

தனி இடம் என்றால் தரைத்தளம் மட்டும் பாருங்கள். தீப்பிடித்தால் ஓர் ஆயா இரண்டு கைக்குழந்தைகளைத்தான் தூக்கிக்கொண்டு ஓட முடியும். சம்ப் மூடிக்குப் பூட்டு வேண்டும். வாடகை ஒப்பந்தத்தில் ‘குழந்தைகள் காப்பகம்’ என்றே எழுதி வாங்குங்கள். இல்லாவிட்டால் சத்தம் என்று சொல்லி நடுவில் காலி செய்யச் சொல்வார்கள்.

2017 மகப்பேறு நலச் சட்டத் திருத்தம் கொண்டுவந்த விதிப்படி, 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் காப்பக வசதி தர வேண்டும். அப்படிப்பட்ட நிறுவனங்களோடு ஒப்பந்தம் போடும் எண்ணம் இருந்தால், வாடகை கூடினாலும் தனி இடமே சரி.