தின்ற பழத்தின் விதை: வன்னி வளவுக்குப் பப்பாசியா, தேசியா, மாவா, பலாவா?

ஆனி, ஆடியில் வன்னி வீடுகளின் கோடிப்பக்கம் மாங்கொட்டையும் பலாக்கொட்டையும் தானாகவே முளைத்து நிற்கும். முளைத்ததெல்லாம் தாய்மரத்தின் பழத்தைத் தராது. நாலையும் பிரிப்பது முதலில் இதுதான்.

அந்தக் கணக்கில் தேசிக்குத்தான் முதலிடம். ஒரு விதையில் இரண்டு மூன்று முளை வரும். பெரும்பாலானவை தாய்மரத்தின் திசுவிலிருந்தே வருபவை, அதனால் காய் மாறாது. விதையைக் காயவிடாமல் அன்றைக்கே ஒரு சென்ரிமீற்றர் ஆழத்தில் போடுங்கள். காய்க்க நாலு முதல் ஆறு வருடம் பொறுக்க வேண்டும். கன்றுப் பருவத்தில் இலையில் குருவி எச்சம்போல ஒன்று ஒட்டியிருந்தால் தொட்டுப் பாருங்கள், அசையும். வண்ணத்துப்பூச்சியின் புழு அது. வளர்ந்தால் பச்சை நிறமாகி இலையோடு கலந்துவிடும். கன்றை மொட்டையாக்க நாலைந்து போதும். காலையில் கையால் பொறுக்கினால் மருந்தே தேவையில்லை.

கெதியில் பழம் வேண்டுமென்றால் பப்பாசி: நட்டு ஒன்பது, பத்து மாதம். இங்கே எந்தப் பழத்தின் விதை என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. உருண்டைப் பழம் பெண் மரத்தினுடையது. பக்கத்து ஆண் மரத்தின் மகரந்தத்தில் காய்த்திருந்தால் அதன் விதையில் பாதி ஆணாகி வெறும் பூவோடு நிற்கும். நீண்ட பழம் இருபால் மரத்தினுடையது; தன் மகரந்தத்திலேயே காய்த்ததென்றால் மூன்றில் இரண்டு இருபால், மிச்சம் பெண். றெட் லேடி கலப்பின வகை, அதன் விதையில் அதே பழத்தை எதிர்பார்க்க வேண்டாம். விதையை மூடிய வழுவழுத்த சவ்வு முளையைத் தடுக்கும். சாம்பல் போட்டு உரஞ்சிக் கழுவி நிழலில் உலர்த்துங்கள். கிடங்குக்கு மூன்று கன்று வைத்து, பூவைப் பார்த்த பிறகு ஒன்றை மட்டும் விடுங்கள்.

பப்பாசிக்கு எமன் மாரி வெள்ளம். அடியில் இரண்டு நாள் தண்ணீர் நின்றாலே வேர் அழுகி, இலை மஞ்சளாகித் தொங்கும். தேசிக் கன்றையும் மாங்கன்றையும் ஐப்பசி முதல் மழையோடு நடலாம். பப்பாசியை மட்டும் மார்கழியில் விதைத்து, மாசியில் ஒரு முழ உயர மேட்டில் நட்டு, கிணற்றுத் தண்ணீரில் வளர்ப்பதே நல்லது.

மாங்கொட்டையின் ஓட்டை விளிம்போடு வெட்டித் திறந்து, உள்ளே இருக்கும் பருப்பை முதுகு மேலே இருக்கும்படி புதையுங்கள். இரண்டு மூன்று கிழமையில் முளைக்கும். ஒற்றை முளை வந்தால் பழம் எப்படியிருக்கும் என்று சொல்லவே முடியாது. அதற்காக ஏழெட்டு வருடம் காத்திருப்பது வீண். தண்டு பென்சில் தடிப்புக்கு வந்ததும் நல்ல கறுத்தக்கொழும்பானில் கிளை வாங்கி ஒட்டுங்கள். விதைவேர் ஆழமாக இறங்குவதால் சோளகக் காலத்து வறட்சியையும் தாங்கும்.

பலாக்கொட்டை காய்ந்தால் செத்துவிடும். பழம் பிளந்த கிழமைக்குள் நட வேண்டும். ஆணிவேர் அறுந்தால் கன்று தேறாது, ஆகவே நிற்க வேண்டிய இடத்திலேயே மூன்று கொட்டை போட்டு, திடமானதை விட்டு மற்றதை வெட்டுங்கள். முதல் இரண்டு கோடைக்கும் அடியில் பொச்சுமட்டை பரப்பித் தண்ணீர் விட்டே ஆகவேண்டும். கெட்டிச் சுளை வருக்கையின் கொட்டை, குழைந்த சுளைக் கூழனாகவும் வரலாம். நெடுங்கேணி, ஒட்டுசுட்டான் போன்ற காட்டோரத்தில் பழவாசம் யானையை வேலிக்குள் இழுக்கும். அங்கே காய் முற்றியதுமே, பழுக்க விடாமல் இறக்கிவிடுங்கள்.