பைத்தானின் யூனிகோட் வசதிகள்: தமிழ்ச் சொற்பட்டியலோடு ஒரு மதிப்பீடு

பைத்தான் நிரல்மொழியுடன் சேர்ந்தே வரும் நிலையான நூலகத்தில், எழுத்துகளின் விவரங்களைத் தரும் யூனிகோட்டேட்டா மாட்யூலையும் அதைச் சார்ந்த சரச் செயல்பாடுகளையும் (எழுத்துத் தொடர்களைக் கையாளும் கட்டளைகளையும்) ஒரு தமிழ்ச் சொற்பட்டியலைத் தொகுக்கும் வேலையில் தொடர்ந்து பயன்படுத்தி வருகிறேன். இங்கே சொல்பவை யாவும் 3.12ஆம் பதிப்பைப் பற்றியவை. அதிலுள்ள எழுத்துத் தரவு, உலக மொழிகளின் எழுத்துகளுக்கு எண் வழங்கும் யூனிகோட் தரத்தின் 15.0ஆம் பதிப்புக்கு உரியது.

தரவைப் பொறுத்தவரை குறை சொல்ல இடமில்லை. வேறெதையும் நிறுவாமலே எந்த எழுத்தின் பெயரையும் வகையையும் எண்மதிப்பையும் கேட்டுப் பெறலாம். ‘௧௨’ என்பதை இன்ட் செயல்பாடு 12 என்று படிக்கிறது. ‘௰’ தசம இலக்கம் அல்ல என்பதால் அதை ஏற்க மறுக்கிறது. ஆனால் நியூமெரிக் செயல்பாடு அதன் மதிப்பை 10.0 என்று சரியாகவே தருகிறது.

எனக்கு மிகவும் கைகொடுத்தது, ஒரே எழுத்தின் வெவ்வேறு பதிவுகளை ஒரே வடிவுக்குக் கொண்டுவரும் நார்மலைஸ் செயல்பாடு. பட்டியலில் ‘கொடி’ இருந்தும் தேடலில் அகப்படவில்லை. ஒரு கோப்பில் ஒகரக் குறி ஒரே கோட் பாயின்ட்டாகவும் (யூனிகோட் ஓர் எழுத்துக்கோ குறிக்கோ தரும் எண்), இன்னொன்றில் ஒற்றைக்கொம்பும் காலும் தனித்தனியாகவும் பதிவாகியிருந்ததே காரணம். திரையில் இரண்டுக்கும் வேறுபாடே தெரியாது. இரண்டையும், பிரிந்த குறிகளை ஒன்றாகச் சேர்க்கும் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றியதும் சிக்கல் தீர்ந்தது. ‘ஔ’ என்பதை ஒகரமும் ளகரமுமாகத் தட்டச்சு செய்திருந்தால் மட்டும் இது உதவாது. அது எழுத்துப்பிழை, அதைத் திருத்துவது நூலகத்தின் வேலையன்று.

குறை தொடங்குவது சரங்களைக் கையாளும்போதுதான். ‘தமிழ்’ என்ற மூன்றெழுத்துச் சொல்லுக்கு லென் செயல்பாடு 5 என்கிறது, ஏனெனில் அது எண்ணுவது கோட் பாயின்ட்டுகளை. ஸ்விஃப்ட் மொழியில் இதே சொல்லுக்கு 3 என்ற விடை கிடைக்கிறது. எண்ணிக்கை மாறுவதையாவது பொறுத்துக்கொள்ளலாம்; அதே சொல்லை ஐஸ்ஆல்ஃபா செயல்பாட்டிடம் கொடுத்தால், அது எழுத்துகளால் ஆனதே அல்ல என்ற விடை வருகிறது. இகரக் குறியும் புள்ளியும் யூனிகோட் வகைப்பாட்டில் எழுத்துகளாக அல்லாமல் சேர்குறிகளாக வைக்கப்பட்டிருப்பதால் நேரும் விளைவு இது. உரையில் வடிவங்களைத் தேடித்தரும் ஆர்இ மாட்யூலிலும் இதே நிலைதான்: சொற்களைப் பிரித்தெடுக்க எல்லோரும் பயன்படுத்தும் பின்சாய்கோட்டு டபிள்யூ (\w) என்னும் குறி, ‘தமிழ்’ என்பதை ‘தம’, ‘ழ’ என்று இரு துண்டுகளாக்கிவிடுகிறது. பிழைச்செய்தி எதுவும் வராததால், சிதைந்த சொற்கள் பட்டியலில் புகுந்தது எனக்கு நெடுநாள் தெரியவில்லை. ஒரு மொழியின் எந்தச் சொல்லிலும் வரக்கூடிய குறிகளைச் சொல்லுக்கு அயலானவையாக நடத்தும் இந்த வரையறையை நான் ஏற்கவில்லை. தனியே நிறுவவேண்டிய ரீஜெக்ஸ் என்னும் மாட்யூல் இதைச் சரியாகச் செய்வதோடு, பெரிய எக்ஸ் (\X) குறியைக் கொண்டு உயிர்மெய்களை முழுமையாகவும் பிரித்துத் தருகிறது. தமிழில் வேலை செய்பவர்கள் முதல் நாளே அதை நிறுவிக்கொள்வது நல்லது.

அகரவரிசைக்கும் இந்த நூலகத்தை நம்ப முடியாது. அகராதியில் ‘அக்கம்’ முன்னும் ‘அகம்’ பின்னும் வரவேண்டும்; சார்டெட் செயல்பாடு கோட் பாயின்ட் வரிசையைப் பின்பற்றுவதால் இவற்றை இடம் மாற்றி வைக்கிறது, இறுதியில் வரவேண்டிய னகரத்தையும் நகரத்துக்கு அடுத்துக் கொண்டுவந்துவிடுகிறது. பதினெட்டு மெய்களின் வரிசையையும் கையால் எழுதி, அதையே ஒப்பீட்டுத் திறவுகோலாகக் கொடுத்த பிறகுதான் என் பட்டியல் அகராதி முறைக்கு வந்தது.