ஹட்டன் மாலை ஆங்கில வகுப்பு: திருத்தம் நன்று, புள்ளியில் கஞ்சத்தனம்

இலங்கை மலையகத்து ஹட்டனில், சாதாரண தரப் பரீட்சை (பதினோராம் ஆண்டு முடிவில் வரும் அரசுத் தேர்வு) எழுதும் பிள்ளைகளுக்கான வகுப்பு. பரீட்சையில் 75 எடுத்தால் ஏ, 65க்கு பி, 50க்கு சி, 35க்கு எஸ் (சாதாரண சித்தி). ஆனால் இங்கே கட்டுரைக்குப் பாதிப் புள்ளி எடுப்பதே பெரும்பாடு.

காரணம் திருத்தும் விதம். "மை ஃபாதர் வேர்க் இன் தி எஸ்டேட்" என்று எழுதினால், 'வேர்க்'கின் வாலில் சிவப்பு வட்டம் மட்டும் விழும். விடுபட்ட 'எஸ்' எழுத்தைப் பிள்ளையே கண்டுபிடித்து, வசனத்தை மூன்று முறை எழுதிக் கொடுக்க வேண்டும். தமிழில் 'வேலை செய்கிறார்' என்பதிலேயே ஆள் தெரிந்துவிடுவதால், இந்த 'எஸ்' நம் பிள்ளைகளுக்குக் கடைசிவரை வழுக்கும். ஆகவே இந்த முறை சரிதான்.

குறை, ஒரே பிழை நாலு இடத்தில் வந்தால் நாலு தடவையும் வெட்டுவது. கருத்துக்கு எத்தனை, மொழிக்கு எத்தனை என்று பிரித்துப் போடுவதுமில்லை. மொத்தமாக 6 என்று கண்டால் பிள்ளை எதைத் திருத்தும்? முதல் நாளே கேட்டுவிடுங்கள்.

மனப்பாடக் கட்டுரை இங்கே செல்லாது. தலைப்பைச் சற்றே திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். பேச்சுப் பயிற்சி பெயருக்குத்தான். மழை நாளில் தகரக் கூரைச் சத்தத்தில் அதுவும் இல்லை.

சி எடுக்கும் பிள்ளை பி-க்கு ஏற நல்ல இடம். எழுத்துக்கூட்டவே திணறும் பிள்ளையை அனுப்ப வேண்டாம்.