யாழ்தேவியின் திறந்த யன்னலும் ஓயாத ஹோர்னும்

வவுனியாவுக்கு வேலை மாறி வந்திருக்கும் நண்பன் போன கிழமை கேட்டான்: "மச்சான், கிளிநொச்சிக்கு அடிக்கடி போய்வர வேண்டியிருக்கு. ஏசி இன்டர்சிற்றியோ, யாழ்தேவியோ? எது நல்லது?" இரண்டும் கொழும்பிலிருந்து வவுனியா, கிளிநொச்சி வழியாக யாழ்ப்பாணம் போகிற ரயில்கள்.

2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணம் வரை பாதை திறந்த காலத்திலிருந்து இந்த வழியால் போய்வருகிறேன். கோச்சி, அதாவது ரயில், பார்ப்பதற்கென்றே பயணம் போகிற ஆள் நான். அதனால் ஒரு வரியில் பதில் வரவில்லை. நேரசூசி, கட்டணம், ஆசனப்பதிவு எல்லாம் அவனுக்கே தெரியும். வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் இடையில் வன்னிக்குள்ளால் போகிற துண்டைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

முதலில் பாதை. 1990 ஜூனில் போரால் யாழ்தேவி நின்ற பிறகு வவுனியாவுக்கு வடக்கே மிஞ்சியது மண்மேடுதான். தண்டவாளமும் அதைத் தாங்குகிற சிலிப்பர்கட்டையும் போர்க்காலப் பங்கர்களுக்குப் போய்விட்டன. மேட்டில் காடு ஏறியிருந்தது. ஓமந்தைக்கு வடக்கே அதை இந்தியக் கடனுதவியில் இந்திய நிறுவனமான இர்கொன் மறுபடி போட்டது. 2011இல் ஓமந்தை, 2013 செப்டெம்பரில் கிளிநொச்சி, 2014 மார்ச்சில் பளை என்று பாதை துண்டு துண்டாக வடக்கே ஏறியது. கொங்கிரீட் சிலிப்பர், நீளமாகப் பற்றவைத்த தண்டவாளம்.

அந்த வேலையின் தரத்தைக் கன வருசமாக உடம்பாலேயே உணர முடிந்தது. அப்போதெல்லாம் தெற்கிலிருந்து வரும்போது மதவாச்சி, வவுனியா எல்லாம் குலுக்கிக்கொண்டே வரும். ஓமந்தை கழிந்ததும் பெட்டி சட்டென்று அடங்கி வேகம் எடுக்கும். கையில் இருக்கிற தேத்தண்ணி தளம்பாது. 2023இல் தொடங்கி மாகோ–ஓமந்தை 128 கிலோமீற்றரையும் புதுப்பித்து, 2025 ஏப்ரலில் முறைப்படி திறந்து வைத்தார்கள். இப்போது தெற்குப் பக்கமும் சுகம். ஆனாலும் புளியங்குளம், கனகராயன்குளம், மாங்குளம் பக்கம் நேர்கோடாக விரைகிற அந்த ஓட்டத்துக்கு ஈடாக இந்த நாட்டில் வேறொன்றை நான் அனுபவித்ததில்லை.

பெட்டியைப் பற்றிச் சொன்னால், ஏசி ரயில் சென்னையில் செய்த எஸ்13 வகை. இருக்கை நல்லது, குளிர் போதும். ஆனால் யன்னல் திறக்காது; காட்டைக் கண்ணாடிக்குள்ளால்தான் பார்க்க வேண்டும். யாழ்தேவியின் இரண்டாம் வகுப்பில் யன்னலைத் தூக்கிவிட்டால் வன்னி உள்ளே வந்துவிடும். மழைக்குப் பிறகு பாலையும் வீரையும் நிற்கிற காட்டின் ஈர வாசம், வெட்டிய வயலின் வைக்கோல் வாசம். வளைவில் தலையைக் கொஞ்சம் சரித்தால் எஞ்சினையே காணலாம். இதற்காக வியர்வையையும் தூசியையும் நான் பொறுப்பேன்.

பொறுக்க முடியாதது ஹோர்ன்.

வன்னிக்குள் அது ஓயாது. ஒன்று அடங்கும் முன் அடுத்தது. தொடக்கத்தில் எனக்கு அது சந்தோசம். எஞ்சின் வகையை ஹோர்னை வைத்தே சொல்லலாம். போகப்போகத்தான் ஒவ்வொரு ஊதலுக்கும் முன்னால் என்ன இருக்கிறது என்று கவனிக்கத் தொடங்கினேன். ஒரு கிறவல் ஒழுங்கை, இரண்டு பக்கமும் பற்றை, நடுவில் தண்டவாளம். கேற் இல்லை. ஒரு தரம் சாறம் கட்டிய ஒரு ஐயா, மண்வெட்டியைக் கரியரில் கட்டிய சைக்கிளைப் பிடித்தபடி பாதைக்கு நாலடி தள்ளி நின்றார். நாங்கள் கடந்தபோது காற்றில் சைக்கிள் சரிய, இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்தார். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அவருக்கு அது தினசரி.

மணிக்கு 100 கிலோமீற்றர் என்றால் நொடிக்கு ஏறக்குறைய 28 மீற்றர். பற்றைக்குள்ளால் 200 மீற்றர்தான் தெரிகிறது என்றால், கடக்கிறவருக்குக் கிடைப்பது ஏழு நொடி. சாரதி முழு பிறேக் பிடித்தாலும் அந்தத் தூரத்துக்குள் கோச்சி நிற்காது. அவரிடம் இருப்பது ஹோர்ன் மட்டும்தான். அதோடு, நான் மேலே புகழ்ந்த அதே வழுவழுப்பான பாதைதான் ஆபத்தையும் கூட்டுகிறது. பழைய தண்டவாளம் இணைப்புக்கு இணைப்பு தடதடத்துத் தன் வரவைத் தானே சொல்லும். இது சத்தமில்லாமல் வந்துவிடுகிறது. மோட்டார் சைக்கிள் எஞ்சின் ஓட, ஹெல்மெற்றும் போட்டிருந்தால் கடைசி நொடி வரை கேட்காது.

மாடுகளின் கதி இன்னும் மோசம். மாரியில் வயலெல்லாம் பயிர், மேய்ச்சல் தரவையெல்லாம் தண்ணி. ஈரமில்லாத மேடு என்று மிஞ்சுவது பாதைக்கரைதான். பட்டி மாடுகள் இரவில் அதில் வந்து படுக்கும். போன கிழமை நான் வந்த ரயில் மாங்குளம் கழிந்து ஒரு மாட்டுக் கூட்டத்தில் மோதி நின்றது. இறங்கிப் பார்த்தேன். ஒரு வெள்ளைப் பசு, தொடையில் குறி சுட்ட எழுத்து தெளிவாகத் தெரிந்தது. பக்கத்தில் நின்றவர் அதைப் பார்த்ததுமே எந்த ஊர்ப் பட்டி என்று சொல்லிவிட்டார். கன்று ஒன்று தள்ளி நின்றது. சாரதி கீழே இறங்கி முன்பக்கத்தைச் சரிபார்த்தார், கை நடுங்கியது. அவர் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை.

நியாயமாகச் சொன்னால், ஒன்றுமே நடக்கவில்லை என்று சொல்ல முடியாது. சில கடவைகளுக்கு மணியும் சிவப்பு விளக்கும் வந்தன, சிலவற்றுக்குக் கேற் வந்தது. சொற்பக் கொடுப்பனவுக்கு வெயிலிலும் மழையிலும் நின்ற தற்காலிகக் கடவைக் காப்பாளர்கள் நிரந்தர நியமனம் கேட்டுப் போராடியது பலருக்கும் நினைவிருக்கும். ஆனால் இவ்வளவு காசு கொட்டி, இவ்வளவு அருமையான பாதையைப் போட்டுவிட்டு, குறுக்கே நடக்கிற சனத்தைக் கடைசியில் யோசித்ததை என்னால் மன்னிக்க முடியவில்லை. பாதை வருவதற்கு முன்பே அந்த ஒழுங்கைகள் இருந்தன. யார் எங்கே கடப்பார்கள் என்று ஊரில் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள்.

சரி, நண்பனுக்கான பதில். மற்ற நாளென்றால் யாழ்தேவி, இரண்டாம் வகுப்பு, யன்னலோரம் என்றுதான் சொல்லியிருப்பேன். மாடு மோதின அதே கிழமை கேட்டபடியால் ஏசி என்று அனுப்பினேன். நடுப்பெட்டியாகப் பார்த்துப் பதிவு செய், ஹோர்ன் அவ்வளவு கேட்காது. அப்புறம், இங்கே மோட்டார் சைக்கிளில் திரியப் போகிறாய் என்றால், கேற் இல்லாத கடவையில் எஞ்சினை நிப்பாட்டி, ஹெல்மெற்றைக் கழற்றி, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு உருட்டிக்கொண்டு கட.