குத்துமதிப்பு தெரியாத மென்பொருளோடு நாலு வருடம்

சந்தா விலையைக் குறைத்துவிட்டார்களே, வாங்கலாமா என்று நண்பர் கேட்டார். நாலு வருடமாக ஆங்கிலத்திலிருந்து ஸ்பானிஷுக்கு இந்த மொழிபெயர்ப்பு மென்பொருளில்தான் வேலை செய்கிறேன். வேகம், கலைச்சொல் பட்டியல் எல்லாம் நன்றாகவே இருக்கின்றன, அவற்றை விடுங்கள். என் தொல்லை ஒன்றே ஒன்று: இதற்குக் குத்துமதிப்பாகப் பேசத் தெரியாது.

ஆங்கிலக்காரர் 'ஐ சார்ட் ஆஃப் அக்ரீட்' என்கிறார். அரைமனதாகத் தலையாட்டினார், அவ்வளவுதான். இதுவோ அந்த 'சார்ட் ஆஃப்'பை விழுங்கிவிட்டு 'அசெப்தே', ஒப்புக்கொண்டேன், என்று எழுதிவைத்தது. கூட்டக் குறிப்பில் அப்படியே போய், எப்போது ஒப்புக்கொண்டீர்கள் என்று அந்தப் பக்கத்திலிருந்து கேள்வி வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. சரி, விழுங்காமல் இருந்தாலாவது தேவலையா என்றால் அதுவும் இல்லை. 'கைண்ட் ஆஃப் டயர்ட்' ஒரு தடவை 'தீப்போ தெ கன்சாதோ' ஆகி வந்தது. களைப்பில் ஒரு ரகமாம்! 'மெதியோ கன்சாதோ', பாதிக் களைப்பு, என்றோ 'ஊன் போக்கோ கன்சாதோ', கொஞ்சம் களைப்பு, என்றோ போட்டிருந்தால் வேலை முடிந்திருக்கும்.

நியாயமாகச் சொன்னால் எண்களில் கெட்டிக்காரத்தனம் உண்டு. 'சம் ட்வென்ட்டி பீப்பிள்' வந்தால், புதிதாகப் படிக்கிறவர்கள் மாதிரி 'அல்கூனாஸ்', அதாவது 'சில', என்று போடாமல் 'ஊனாஸ் பெய்ந்தெ பெர்சோனாஸ்' என்கிறது. நாம் 'ஒரு இருபது பேர்' என்கிறோமே, அச்சு அசலாக அதுதான். 'அரவுண்ட் எய்ட்' வந்தால் 'ஆ எசோ தெ லாஸ் ஓச்சோ', எட்டு மணி வாக்கில். 'ரெடிஷ்', சிவப்பு மாதிரி, அழகாக 'ரொஹீஸோ' ஆகிறது. இதையெல்லாம் பார்க்கும்போது கோபம் தணிந்துவிடும். அப்புறம் ஒரு 'எய்ட்-இஷ்' வரும், அதை 'ஆ லாஸ் ஓச்சோ' என்று டாண் என்று எட்டு மணியாக்கிவிடும்.

சிலி நாட்டு வேலை ஒன்றில் 'தர்ட்டி சம்திங்' வந்தது. 'த்ரெய்ந்தா இ பீக்கோ' என்று கொடுத்தது. முப்பது சொச்சம், ஸ்பெயினில் யாரும் ஏறிட்டுக்கூடப் பார்க்க மாட்டார்கள். சிலியில் 'பீக்கோ' பச்சையான கெட்ட வார்த்தை, 'த்ரெய்ந்தா இ தாந்தோஸ்' என்று போட்டால் வம்பில்லை. எந்த நாட்டு ஸ்பானிஷ் என்று கேட்கிற கட்டத்தில் சிலி என்று நான் ஒழுங்காகத்தான் போட்டு வைத்திருந்தேன்! அனுப்பப்போகிற நிமிஷத்தில் கண்ணில் பட்டது.

நண்பரிடம் வாங்காதீர்கள் என்றுதான் சொன்னேன். என் சந்தாவை, விலை குறைவதற்கு முந்தின நாள்தான், இன்னும் ஒரு வருடத்துக்குப் புதுப்பித்திருந்தேன், பழைய விலையில்.